காயத்தின் வாசம் வண்டைக் கூப்பிடுது: ஊர் கூடிப் பொறி வைப்போம், உரியதைக் கேட்டு வாங்குவோம்!

(தென்னை விவசாயிகள் கிராமக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கரண்ட், தண்ணி, கொப்பரை விலை என்று பேசிக்கொண்டிருக்கும் சங்கம் இன்றைக்கு வண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். 1970-ல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்று மூன்று பேரைத் துப்பாக்கிக் குண்டுக்குப் பறிகொடுத்தவர்கள் நம்ம கொங்கு விவசாயிகள். அந்த வழியில் வந்த நமக்கு வண்டு ஒரு விஷயமா என்று தோணலாம். ஆனா பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு, உடுமலை பக்கம் தோப்பு வைத்திருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. பத்து வருஷம் பிள்ளை மாதிரி தண்ணி விட்டு வளர்த்த மரம். நல்லாக் காய்க்கிற பருவம். ஒருநாள் வெடியால போய்ப் பார்த்தால் கொண்டை சாய்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் குருத்து கையோடு வரும். உள்ளே கட்டைவிரல் தண்டி புழு நெளியும். அந்த மரத்துக்கு விலை எவன் கொடுக்கிறான்? 2 ஏக்கர்க்காரனுக்கு வருஷம் 5 மரம் போனால் அது பெண்ணின் படிப்புச் செலவு, அது கூட்டுறவுச் சங்கத்துத் தவணை. ஆகவே இதுவும் வாழ்வுரிமைப் பிரச்சினைதான்.

இந்த எதிரிக்குப் பேர் சிவப்புக் கூன்வண்டு. ஒரு பெண் வண்டு 200 முட்டைக்கு மேல் வைக்கும். மூணு, நாலு நாளில் புழு பொரிந்து மரத்துக்குள்ளேயே தின்று வளரும். மரத்து நாரையே சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு, வண்டாகி வெளியே வரும். முட்டையிலிருந்து வண்டு வரைக்கும் ஏறக்குறைய நாலு மாசம். அத்தனை நாளும் அது மரத்துக்குள் இருப்பதால் நமக்குத் தெரியாது. தண்டில் ஓட்டை, அதில் செம்பழுப்பாய் வடிகிற சாறு, சக்கை தள்ளியிருப்பது, காதை வைத்தால் கறுக் கறுக்கென்று சத்தம், புளிச்ச நாத்தம். இவை தெரிகிற நேரத்தில் பாதி மரம் காலி. ஆகவே வந்த பிறகு மருத்துவம் பார்க்கிற சங்கதி அல்ல இது. வராமல் தடுக்கணும். தடுக்கணும் என்றால் அது எப்படி வருகிறது என்று தெரியணும்.

எப்படிங்க வருது? நூறு மரம் நிற்கிற தோப்பில் இந்த ஒரு மரத்தை எப்படிக் கண்டுபிடிச்சுது?

வாசம் பிடித்து வருகிறது. கூன்வண்டுக்கு முன்னால் நீளமாக ஒரு மூக்கு வளைந்திருக்கும், பார்த்திருப்பீங்க. அது மோப்பம் பிடிக்கிற மூக்கல்ல. அது வாய். பெண் வண்டு அதால்தான் மரத்தில் துளை போட்டு முட்டை வைக்கும். மோப்பம் பிடிப்பது அந்த மூக்கின் இரண்டு பக்கமும் முழங்கை மாதிரி மடங்கி நிற்கிற மீசை. அதன் நுனியில் சின்னக் குமிழ். அந்தக் குமிழ் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர். காற்றில் கலந்து வருகிற வாசம் அந்த மயிரில் பட்டால் போதும், வண்டு காற்று வரும் திக்கைப் பார்த்துத் திரும்பும். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பறக்கக்கூடிய பூச்சி இது. உங்க வேலி, உங்க பட்டா எல்லாம் அதற்குத் தெரியாது.

காற்றில் என்ன வாசம் வருகிறது என்பதுதான் முக்கியம். காயம் படாத மரத்துக்கும் வாசம் உண்டு, ஆனால் அது லேசானது. பச்சை மட்டையை வெட்டினால், தண்டைக் கொத்தினால், சாறு கசியும். அந்தச் சாற்றில் சர்க்கரை இருக்கிறது. காற்றிலிருக்கிற ஈஸ்ட் அதில் இறங்கினால் ஒரே நாளில் புளிக்கும். புளிக்கும்போது சாராயமும் காடியும் உண்டாகி, அவை சேர்ந்து பழ வாசம் போல ஒன்று கிளம்பும். நல்லாக் கனிந்த பூவன் பழத்தில், புதுசா இறக்கின கள்ளில் வருமே, அந்த ஜாதி வாசம். காயம் பட்ட மரம் “நான் இங்கே திறந்து கிடக்கிறேன்” என்று ஊருக்கெல்லாம் தமுக்கு அடிப்பது மாதிரி.

அதோடு முடியலை. முதலில் வருகிற ஆண் வண்டு சாற்றைக் குடித்துக்கொண்டே தன் உடம்பிலிருந்து இன்னொரு வாசத்தை விடும். 1993-ல் கனடா நாட்டு விஞ்ஞானிகள் குழு ஒன்று அது என்ன பொருள் என்று கண்டுபிடித்து, ஃபெருஜினியால் என்று பேர் வைத்தது. அந்த வாசத்துக்குப் பெண் வண்டும் வரும், மற்ற ஆண் வண்டுகளும் வரும். மரத்தின் வாசமும் வண்டின் வாசமும் சேர்ந்தால் இழுப்பு பல மடங்கு. ஒரு மரத்தில் விழுந்தால் ஒன்பது வண்டு சேர்ந்து விழுவது இதனால்தான்.

சரி, காயத்தை யார் போடுவது? கொஞ்சம் கோபப்படாமல் கேளுங்க. பாதிக்கு மேல் மனுஷன் கைதான். காய் வெட்ட வருகிறவர் வசதிக்காகப் பச்சை மட்டையை அடியோடு நறுக்கி விடுகிறார். வெட்டியே ஆகணும் என்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர், அதாவது நாலு அடி விட்டு வெட்டணும் என்று கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. அடி மட்டை காய்ந்து போகுமுன் புழு தண்டைத் தொட முடியாதபடி அந்த நாலு அடி காவல் நிற்கும். ஏறுவதற்குத் தண்டில் படி கொத்துவது, சொட்டு நீர்க் குழாயைத் தொங்கவிட ஆணி அடிப்பது, உழவு ஓட்டும்போது டிராக்டர் கொக்கி உரசுவது, வாய்க்கால் எடுக்க வந்த ஜே.சி.பி. வாளி இடிப்பது, காய்ந்த புல்லுக்கு வைத்த தீ தண்டில் தாவுவது எல்லாம் வண்டுக்கு நாமே வைக்கிற வெத்தலை பாக்கு. பட்டுவிட்டது என்றால் அன்றைக்கே தார் பூசுங்க. பழைய பொந்தை சிமெண்ட் கலவையால் அடைத்து விடுங்க. “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்றால், நாளைக்குள் சாறு புளித்துவிடும்.

மனுஷன் போடாத காயத்தைப் போடுவதற்கு இன்னொருத்தன் இருக்கிறான். காண்டாமிருக வண்டு. குருத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும். விரியும்போது மட்டையில் கத்திரிக்கோலால் முக்கோணமாக வெட்டின மாதிரி தெரியுமே, அது இதன் வேலை. இது துளைத்த ஓட்டையின் வாசத்துக்குத்தான் கூன்வண்டு பின்னால் வருகிறது. ஒருத்தன் கதவை உடைக்கிறான், இன்னொருத்தன் வீட்டைக் கொள்ளையடிக்கிறான். ஆகவே முதல்காரனை விட்டுவிட்டு இரண்டாமவனை மட்டும் பிடிக்கப் போனால் காரியம் ஆகாது.

காண்டாமிருக வண்டு முட்டை வைப்பது மரத்தில் அல்ல, நம்ம சாளைக்குப் பின்னால் இருக்கிற எருக்குழியில், மக்கின தென்னங்கட்டையில். குழியைக் கிளறினால் வெள்ளை வெளேரென்று வளைந்து கிடக்கிற புழுவைக் கோழி தின்னும். அந்தப் புழுதான் இது. அந்த எருக்குழியில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைக் கலந்தால் புழு நோய் பிடித்துச் சாகும். கேரளத்தில் காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் இந்தப் பூஞ்சாணத்தைக் கிராமத்துப் பெண்கள் குழுக்களைக் கொண்டே அரிசியில் வளர்க்க வைத்து, ஊர் முழுக்க எருக்குழிகளில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நம்ம ஊர் மகளிர் குழுக்களால் முடியாதா என்ன? ஊறுகாய் போடத் தெரிந்த கை இதையும் போடும்.

இந்த வண்டுக்கும் வாசம்தான் பலவீனம். 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சின்ன மண்சட்டிகளில் தோப்புக்குள் வைத்தால் அந்த நாத்தத்துக்கு வந்து விழும். இது நம்ம பல்கலைக்கழகத்துச் சிபாரிசு, செலவும் பெரிசில்லை. இன்னொரு பக்கம், மரத்தின் வாசத்தை மறைக்கிற வழியும் உண்டு. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் மேல் மூணு மட்டை இடுக்கில் போடலாம். இளம் பிள்ளைகளுக்கு, துணிப் பெட்டியில் போடுகிற அந்துருண்டையை மட்டை இடுக்குக்கு ஒன்றாக மூணு வைத்து மணலால் மூடி, 45 நாளைக்கு ஒருமுறை மாற்றலாம். வண்டு மோப்பம் பிடித்து வந்தால் வேம்பும் அந்துருண்டையும்தான் மணக்கும், குருத்து மணக்காது.

இதெல்லாம் ஏதோ புதுசு என்று நினைக்க வேண்டாம். கடலைக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் ஓரமாக ஆமணக்கு நட்ட பெரியவங்க நம்ம ஊரில் இருந்தார்கள். புரொடீனியா தாய் அந்துப்பூச்சி கடலையை விட்டுவிட்டு ஆமணக்கு இலையில் போய் முட்டை வைக்கும். அந்த இலையைக் கிள்ளி அழித்துவிட்டால் ஆச்சு. தக்காளிக்கு நடுவே செண்டுமல்லி வைப்பதும் அதே கணக்கு. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் விஞ்ஞானிகள் இதை இன்னும் ஒரு படி கொண்டு போனார்கள். மக்காச்சோளத்துக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறு வகைச் செடி. அதன் வாசம் தண்டு துளைப்பானைத் துரத்தும். காட்டைச் சுற்றி நேப்பியர் புல். அதன் வாசம் அதே பூச்சியை இழுக்கும். உள்ளேயிருந்து தள்ளு, வெளியேயிருந்து இழு. நம்ம மாட்டுக்கு வெட்டிப் போடுகிற கம்பு நேப்பியரின் சொந்தக்காரப் புல்தான் அது.

தென்னையிலும் இது பொருந்தும். தோப்பு முழுக்கத் தென்னை மட்டும் நின்றால் காற்றில் தென்னை வாசம் மட்டும்தான்; வண்டுக்கு வழி தெளிவாகத் தெரியும். ஊடே ஜாதிக்காய், கோகோ, வாழை, கறிவேப்பிலை என்று நின்றால் வாசம் கலங்கிப் போகும், வண்டு தடுமாறும். காயங்குளம் ஆய்வாளர்கள் இப்படிக் கலப்புப் பயிர் வைத்த தோப்புகளில் இரண்டு வண்டின் சேதமும் குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனைமலை, கோட்டூர் பக்கம் ஜாதிக்காய் வைத்தவர்கள் வருமானத்துக்காக வைத்தார்கள். கூடவே இந்த லாபமும் இருக்கிறது. தண்ணி இருக்கிறவனுக்குத்தான் இது முடியும் என்று சொல்வீங்க. உண்மைதான். கிணறு வற்றின மேட்டுக்காட்டுக்காரனிடம் போய் ஜாதிக்காய் நடு என்று சங்கம் சொல்லாது.

(வெள்ளை ஈயைப் பற்றி ஏன் பேசலை என்று ஒருத்தர் கேட்டார். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் வந்து இறங்கின சுருள் வெள்ளை ஈயைப் பிடிக்க நாம் வைப்பது மஞ்சள் நிற ஒட்டும் அட்டை. அது நிறத்தைப் பார்த்து வருவதை வைத்துப் பிடிக்கிற முறை. அதைத் தனியாகப் பேசுவோம்.)

இப்போ பொறிக்கு வருவோம். பருத்திக் காலத்தில் காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைத்த அனுபவம் நிறையப் பேருக்கு இருக்கிறது. மக்காச்சோளத்தில் 2018-க்குப் பிறகு படைப்புழுவுக்கும் வைத்தோம். அதில் விழுவது ஆண் அந்து மட்டும். பெண் தப்பி விடும். “டிராப் வைச்சு என்ன பிரயோஜனம்” என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. கூன்வண்டுப் பொறி அப்படி இல்லீங்க. இதில் ஆணும் விழும், பெண்ணும் விழும். பெரும்பாலும் பெண்ணே அதிகம் விழும். ஒரு பெண் விழுந்தால் 200 முட்டை போச்சு. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒன்று என்று நினைப்பதால்தான் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை.

ஆனால் ஒரு சூட்சுமம். கடையில் வாங்குகிற அந்தச் சின்னக் கவர்ச்சிக் குப்பியை மட்டும் வாளியில் தொங்கவிட்டால் போதாது. அது வண்டின் வாசம். கூடவே மரத்தின் வாசம் இருக்கணும், புளிச்ச வாசம் இருக்கணும். இரண்டும் சேர்ந்தால்தான் வண்டு வாளிக்குள் இறங்கும். வாளியின் பக்கவாட்டில் மூணு, நாலு ஓட்டை. வண்டு சறுக்காமல் ஏற வெளியே சாக்குத் துணி சுற்றணும். குப்பியை மூடியில் உட்பக்கம் கட்டணும். உள்ளே வாழைப்பழமோ கரும்புத் துண்டோ, கொஞ்சம் ஈஸ்ட், விழுந்த வண்டு ஏறி வராதபடி நாலு விரற்கடைத் தண்ணீர். வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை தீனியை மாற்றணும். தண்ணீர் வற்றின வாளி விருந்து வைத்து வண்டை வளர்க்கிற வாளி. குப்பி மாசக்கணக்கில் வேலை செய்யும், ஆனா வெயிலில் கிடந்தால் அதன் வாசம் சீக்கிரம் ஆவியாகி விடும். எங்க ஊரில் ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் படுகிற இடத்தில் மாசக்கணக்கில் வைத்திருந்த குப்பியை வாங்கி மாட்டினோம். இரண்டு மாசம் ஒரு வண்டு விழலை. புதுசு மாற்றின வாரம் விழுந்தது. குப்பியைப் பிரிட்ஜில் வைத்து விற்கணும், தயாரித்த தேதி பார்த்து வாங்கணும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. நம்ம பல்கலைக்கழகத்துப் பயிர்ப் பாதுகாப்புச் சிபாரிசில் கூன்வண்டுக்கு மண்பானைப் பொறி ஒன்று இருக்கிறது. கரும்பு ஆலை மொலாசஸ் 2½ கிலோ, அல்லது கள் 2½ லிட்டர். அதில் அசிட்டிக் அமிலம் 5 மில்லி, ஈஸ்ட் 5 கிராம், நீளவாக்கில் பிளந்த பச்சை மட்டைத் துண்டுகள். ஏக்கருக்கு 30 பானை. நல்ல யோசனைதான். ஆனா கள்ளுக்கு எங்கே போவதுங்க? தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள் இறக்கத் தடை. வைத்திருந்தாலே மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு. சரி, மொலாசஸ் வாங்கலாம் என்றால் அதற்கும் அரசின் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன, உரிமம் வேணும். வண்டைப் பிடிக்க அரசுப் பல்கலைக்கழகம் சொன்ன இரண்டு தீனியும் சாமானிய விவசாயி கைக்கு எட்டாத இடத்தில்! கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி மீனாட்சிபுரம் பக்கம் போனால் கேரளத்துக்காரன் சட்டப்படி கள் இறக்குகிறான். வண்டுக்கு மாநில எல்லை தெரியாது. சட்டத்துக்கு மட்டும் தெரிகிறது.

கள் இறக்க அனுமதி வேணும் என்பது நம்ம கொங்கு விவசாயிகளின் பல வருஷக் கோரிக்கை. அதைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும், இன்றைக்கு அந்த வாதத்துக்குள் போகவில்லை. குடிக்கக் கேட்கலைங்க. பொறியில் ஊற்றக் கேட்கிறோம். 2017-ல் நீரா இறக்க விதி போட்ட அரசாங்கத்துக்கு, வண்டுப் பொறிக்கு என்று பஞ்சாயத்துக்கு இத்தனை மரம், இத்தனை லிட்டர் என்று கணக்கு வைத்து அனுமதி கொடுப்பது ஆகாத காரியமா? அது வரும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை நம்மகிட்டத்தானே இருக்கிறது. சர்க்கரைக் கரைசலில் கனிந்த வாழைப்பழமும் ஈஸ்டும் போட்டு ஒருநாள் மூடி வைத்தால் புளிச்ச வாசம் கிளம்பிவிடும். கடையில் விலை போகாத பழம் போதும்.

இதை எல்லாம் விட முக்கியமான சங்கதி இனிமேல்தான். பொறி என்பது வண்டைக் கொல்கிற சாமான் என்று மட்டும் நினைக்கிறோம். அது முதலில் வண்டைக் கூப்பிடுகிற சாமான். 2 ஏக்கர்க்காரர் ஒருத்தர் தன் தோப்புக்கு நடுவே ஒரு வாளி மாட்டினால் சுத்துப்பட்டு வண்டுக்கெல்லாம் அழைப்பு போகிறது. வந்ததில் பாதி வாளியில் விழும். மீதி? வாளிக்குப் பக்கத்தில் நிற்கிற மரத்தில் உட்காரும். அதில் ஒரு காயம் இருந்தால் தீர்ந்தது. “டிராப் வைத்த பிறகுதான் எனக்கு வண்டு அதிகமாச்சு” என்று சிலர் சொல்வது பொய்யல்ல. தனியாக வைத்தால் அப்படித்தான் ஆகும். அதற்காகப் பொறியே வேண்டாம் என்பது தப்பு. தனியாக வேண்டாம் என்பதுதான் சரி.

பல்கலைக்கழகச் சிபாரிசு 2 ஹெக்டேருக்கு ஒரு பொறி. 5 ஏக்கருக்கு ஒன்று. நம்மில் எத்தனை பேருக்கு ஒரே இடத்தில் 5 ஏக்கர் இருக்கிறது? அண்ணன் தம்பி பாகம் பிரித்த பூமி. ஆகவே இந்தச் சிபாரிசே இரண்டு, மூணு பேர் சேர்ந்து வைக்கச் சொல்கிற சிபாரிசுதான். 100 ஏக்கர் தோப்பு இருக்கிற ஊருக்கு 20 வாளி. எங்கே மாட்டுவது? இளம் தோப்புக்கு நடுவில் கூடாது. 5 வருஷத்திலிருந்து 20 வருஷம் வரைக்குமான மரத்தில்தான் கூன்வண்டு அதிகம் விழும். ஆகவே ஓரத்தில், இட்டேரியில், கிணற்று மேட்டில், கிழட்டு மரம் நிற்கிற பக்கம் மாட்டணும். யார் பூமியின் ஓரம் என்று சண்டை வரும். வரத்தான் செய்யும். வாய்க்கால் தண்ணிக்கு முறை வைத்துப் பங்கு போட்ட ஊர்தானே இது, வாளிக்கும் முறை வைக்கலாம்.

இன்னொரு பெரிய ஆபத்து வேர்வாடல் நோய். கேரளத்தில் 1882 வெள்ளத்துக்குப் பிறகு முதலில் தெரிந்ததாகச் சொல்லப்படும் நோய், இன்றைக்குப் பாலக்காட்டு எல்லையைத் தாண்டி ஆனைமலை, பொள்ளாச்சித் தோப்புகளில் பரவிக் கிடக்கிறது. நோய் முற்றின மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். வெட்டுகிறோம். வெட்டின தண்டும் அடிக்கட்டையும் தோப்பிலேயே கிடக்கிறது. புதுசாக வெட்டின அடிக்கட்டையின் சாறு புளித்துக் கூன்வண்டைக் கூப்பிடும். மக்கின தண்டில் காண்டாமிருக வண்டு குடும்பம் நடத்தும். நோயில் தப்பின மரத்தையும் வண்டு கொண்டு போகும். வெட்டுகூலிக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுக் கட்டையைப் பற்றிப் பேசாத திட்டம் அரைத் திட்டம். கட்டையை வேரோடு எடுக்க, துண்டு போட, தூளாக்க ஆகிற செலவு மரத்தை வெட்டுகிற செலவை விட அதிகம். சின்ன விவசாயி எங்கே போவான்?

மருந்து அடித்தால் தீராதா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேரில் பை கட்டி மோனோகுரோட்டோபாஸ் ஏற்றிப் பழகினவர்கள் நாம். அந்த 36 சதவீத மருந்துக்கு 2023-ல் மத்திய அரசு தடை உத்தரவு போட்டது. போட்டது நல்லதுதான், எத்தனை உயிரைக் குடித்த மருந்து அது. ஆனால் பழைய ஆயுதத்தைப் பிடுங்கினவர்கள் புது ஆயுதத்தைக் கையில் கொடுக்க வேண்டாமா?

கொடுக்க முடியும் என்பதற்கு வெளியே சாட்சி இருக்கிறது. நம்ம பக்கத்து வண்டுதான் 1980-களில் வளைகுடா நாடுகளுக்குப் போய்ப் பேரீச்சை மரங்களில் புகுந்தது. 1990-களில் எகிப்து, ஸ்பெயின் வரைக்கும் போய்விட்டது. கன்று ஏற்றுமதி இறக்குமதியில் ஒளிந்து போனது. சவுதி அரேபியாவின் அல்-ஹசா பேரீச்சைத் தோப்புகளில் அரசாங்கமே பொறி வைத்து, அரசாங்கமே ஆள் போட்டுத் தீனி மாற்றியது. கோவாவில் நம்ம இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்து, தென்னையில் இந்தப் பொறியை ஆராய்ந்த டாக்டர் ஃபலேரோ அங்கே ஆலோசனை சொல்லப் போனார். 2017 மார்ச்சில் ரோம் நகரில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் இந்த ஒரு வண்டுக்காகவே பல நாட்டு மந்திரிகளையும் விஞ்ஞானிகளையும் கூட்டியது. நம்ம நாட்டு அறிவு அரபு நாட்டுப் பேரீச்சைக்கு உதவும், ஆழியார் நகரில் தென்னை ஆராய்ச்சி நிலையத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிற நமக்கு வாளிக்கு வழியில்லை என்றால் அது அறிவுப் பஞ்சமல்ல, மனசுப் பஞ்சம்.

ஆகவே நாம் கேட்பது இது. பொறியையும் குப்பியையும் தனி ஆள் பேரில் எழுதிக் கொடுக்க வேண்டாம். ஊருக்கு இத்தனை என்று பஞ்சாயத்துக் கணக்கில், ஒரே மாசத்தில், எல்லாத் தோப்புக்கும் சேர்த்துக் கொடுக்கணும். வாரத் தீனி மாற்ற, விழுந்த வண்டை எண்ணி எழுத, ஊருக்கு இரண்டு பேருக்கு நூறு நாள் வேலை மாதிரிக் கூலி தரணும். வெட்டின மரத்தின் கட்டையை அகற்றி அரைக்கிற இயந்திரத்தை வட்டாரத்துக்கு ஒன்றாவது வாடகை இல்லாமல் அனுப்பணும். பொறித் தீனிக்குக் கள்ளும் மொலாசஸும் சட்டப்படி கிடைக்க வழி செய்யணும். பச்சைப் பூஞ்சாணத்தை மகளிர் குழுக்களே தயாரிக்கப் பயிற்சியும் தாய் வித்தும் கொடுக்கணும். இதில் எதுவும் ஆகாய விமானம் கேட்கிற கோரிக்கை அல்ல.

நம்ம பக்கத்து வேலை என்ன? இந்த வாரமே ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பேர் சேர்ந்து தோப்புத் தோப்பாகப் போங்க. சாய்ந்த மரம், ஓட்டை விழுந்த மரம், கிடக்கிற கட்டை, மூடாத எருக்குழி எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு ஒரு நோட்டில் எழுதுங்க. காய் வெட்ட வருகிற ஆளிடம் நாலு அடி விட்டு வெட்டச் சொல்லுங்க. அதற்குக் கூலி பத்து ரூபா கூடக் கேட்டால் கொடுத்து விடுங்க. அடுத்த மாசம் கலெக்டர் ஆபீசில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாங்க. வெறும் மனுவைக் கொடுத்தால் வாங்கி அடுக்கி வைத்து விடுவார்கள். பொறியில் விழுந்த வண்டை ஊர் வாரியாகப் பாட்டிலில் போட்டு, ஊர்ப் பேரையும் தேதியையும் எண்ணிக்கையையும் மேலே எழுதி ஒட்டிக் கொண்டு வாங்க. மேசை மேல் வரிசையாக வைப்போம். மூடியை மட்டும் இறுக்கமாகத் திருகிக்கிட்டு வாங்க.